துகள் மோதல் காணொளிகள்: எதைப் பார்க்கலாம், எதை நம்பலாம்

கேள்வி இது: “பிளஸ் டூ படிக்கும் என் மகள் செர்ன் ஆய்வகம் பற்றிய காணொளிகளை விடாமல் பார்க்கிறாள். எல்லாவற்றிலும் இரண்டு உருண்டைகள் வேகமாக வந்து மோதுகின்றன, வெளிச்சம் வெடிக்கிறது, உள்ளேயிருந்து ஹிக்ஸ் போசான் வந்துவிடுகிறது. நிஜத்தில் அப்படித்தான் நடக்கிறதா? எதைப் பார்த்தால் அவளுக்கு உருப்படியாக ஏதாவது புரியும்?”

அப்படி நடப்பதில்லை. அதற்காகக் காணொளி எடுப்பவர்களை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஹிக்ஸ் போசான் (மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் துகள்) பிறந்து மறைய ஆகும் நேரத்தில் ஒளியாலேயே சில டஜன் புரோட்டான் அகலம்தான் நகர முடியும். அதைப் படம் பிடிக்கும் கேமரா கிடையாது, வரவும் வராது. பார்க்க முடியாததை ஏதாவது ஒரு உருவத்தில் காட்டித்தானே ஆக வேண்டும்? என் புகார் வேறு. இந்தத் துறையில் மோத வைப்பது பாதி வேலைகூட இல்லை. மோதியதில் பெரும்பகுதியைத் தூக்கி எறிவதும், எஞ்சியதைப் பொறுமையாக எண்ணுவதும்தான் ஆராய்ச்சி. பத்தில் ஒன்பது காணொளிகள் வெடிப்போடு முடிந்துவிடுகின்றன. துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் காணொளிகளைப் பார்த்துப் பார்த்துச் சில கோபங்களும் சில பிரியங்களும் சேர்ந்திருக்கின்றன. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த உருண்டைகள். ஜெனீவா பக்கத்தில், சுவிட்சர்லாந்து பிரான்ஸ் எல்லைக்கு அடியில் இருக்கும் எல்ஹெச்சி (LHC) என்ற செர்னின் துகள் மோதல் வளையத்தில் புரோட்டான்கள் ஒன்றொன்றாக ஓடுவதில்லை. கொத்துக் கொத்தாக ஓடுகின்றன. ஒரு கொத்தில் பத்தாயிரம் கோடிக்கும் மேல் புரோட்டான்கள். ஒவ்வொரு திசையிலும் 2,808 கொத்துகள் என்பது வடிவமைப்புக் கணக்கு. எதிரெதிரே வரும் கொத்துகள் சந்திக்கும் இடத்தில் காந்தங்கள் அவற்றைத் தலைமுடியின் தடிமனுக்கும் கீழே குறுக்கிவிடுகின்றன. அத்தனை நெருக்கியும் ஒரு கொத்து இன்னொன்றுக்குள் புகுந்து வெளியேறும்போது மோதிக்கொள்வது சில பத்து ஜோடிகள் மட்டுமே. மற்றவை எதுவும் நடக்காததுபோல அடுத்த சுற்றுக்குப் போகின்றன. வினாடிக்கு 11,000 சுற்றுக்கு மேல். ஒருமுறை வளையத்தை நிரப்பிவிட்டு அதே புரோட்டான்களை மணிக்கணக்கில் பயன்படுத்த முடிவது இதனால்தான். காணொளியில் வருவதுபோல ‘ரெடி, ஸ்டார்ட், டமார்’ என்று ஒரே ஒரு மோதலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. சத்தமும் கிடையாது. ஆனால் அந்த ‘டமார்’ இல்லாமல் ஒரு காணொளியையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது, “உள்ளேயிருந்து வருகிறது” என்பது. உங்கள் கேள்வியிலேயே இந்தச் சொல் இருக்கிறது, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோலிகளை ஒரு பைக்குள் போட்டு இதுதான் புரோட்டான் என்று காட்டிவிட்டு, பையைக் கிழித்தால் புதிய துகள்கள் கொட்டுவதாக வரைந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். புரோட்டானுக்குள் ஹிக்ஸ் போசான் ஒளிந்திருக்கவில்லை, இருக்கவும் முடியாது. ஒரு ஹிக்ஸின் நிறை ஒரு புரோட்டானைப் போல 133 மடங்கு. குவார்க்குகள் எனப்படும் அந்த மூன்று கோலிகளின் சொந்த நிறையைக் கூட்டினாலோ புரோட்டானின் நிறையில் நூறில் ஒரு பங்குதான் தேறும். மீதியெல்லாம் குவார்க்குகளும் அவற்றை ஒட்டிப் பிடிக்கும் குளுவான்களும் கட்டுண்டு கிடக்கும் ஆற்றல். மோதலின்போது நிஜத்தில் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஒரு குளுவானும் அந்தப் பக்கத்து ஒரு குளுவானும்தான். எல்ஹெச்சியில் உருவாகும் ஹிக்ஸ் போசான்களில் பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவானவை இப்படிப் பிறப்பவை. குளுவானுக்கு நிறையே இல்லை. அவை கொண்டுவந்த இயக்க ஆற்றல் அந்த இடத்திலேயே நிறையாக மாறுகிறது. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டை அணுகுண்டோடு சேர்த்தே கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே சமன்பாடு எதிர்த் திசையில் வேலை செய்வதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கோலிக் காணொளிகள் தொலைத்துவிடுவது இதைத்தான்.

வேகம் பற்றிய பெருமையடிப்பையும் சொல்லிவிடுகிறேன். “ஒளியின் வேகத்தில் 99.999999 சதவீதம்!” என்று திரை அதிரும். எண் சரிதான். ஆனால் துகள் முடுக்கி என்றாலே வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும் கருவி என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. எஸ்பிஎஸ் என்ற சிறிய வளையத்திலிருந்து எல்ஹெச்சிக்குள் நுழையும்போதே புரோட்டானின் ஆற்றல் 450 கிகா எலக்ட்ரான் வோல்ட். அப்போதே அதன் வேகம் ஒளியைவிட வினாடிக்கு சுமார் 650 மீட்டர்தான் குறைவு. உச்ச ஆற்றலை எட்டும்போது அந்தக் குறை சுமார் 3 மீட்டராகிறது. வேகத்தில் இத்தனை அற்ப மாற்றம் நடக்கும் அதே வேளையில் ஆற்றல் 15 மடங்கு பெருகுகிறது. எல்ஹெச்சி கொடுப்பது ஆற்றலும் உந்தமும். வேகம் ஏற்கெனவே ஏறி முடிந்துவிட்டது.

இங்கே உங்கள் மகள் காணொளியை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுக்கலாம். பிளஸ் டூ இயற்பியலில் காந்தப் புலத்தில் வட்டமடிக்கும் மின்னேற்றம் வருகிறதல்லவா? ஆரம் என்பது உந்தத்தை, மின்னேற்றமும் காந்தப் புலமும் பெருக்கிய எண்ணால் வகுத்தது. நிறையையும் வேகத்தையும் பெருக்காமல் உந்தத்தை நேராகப் போட்டால் இந்தச் சூத்திரம் ஒளி வேகத்துக்கு அருகிலும் அப்படியே செல்லும். எல்ஹெச்சியின் வடிவமைப்பு ஆற்றல் ஒரு புரோட்டானுக்கு 7 டெரா எலக்ட்ரான் வோல்ட். அதை ஜூலாக்கி, ஒளியின் வேகத்தால் வகுத்தால் உந்தம் கிடைக்கும். வளைக்கும் காந்தங்களின் புலம் 8.33 டெஸ்லா. போட்டுப் பார்த்தால் ஆரம் சுமார் 2,800 மீட்டர் வரும், அதாவது சுற்றளவில் 17.6 கிலோமீட்டர். நிஜ வளையம் 26.7 கிலோமீட்டர். மிச்சமுள்ள ஒன்பது கிலோமீட்டரில் வளைக்கும் காந்தம் கிடையாது. முடுக்கும் குழிகள் (மின்புலத்தால் ஆற்றல் ஏற்றும் வெற்று உலோக அறைகள்), குவிக்கும் காந்தங்கள், உணர்கருவிகள் இருக்கும் நேர்ப்பகுதிகள் அவை. “ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்?” என்ற கேள்விக்குப் பதினைந்து நிமிடக் காணொளி சொல்லாத பதிலை இந்த நான்கு வரிக் கணக்கு சொல்லிவிடும். காந்தப் புலத்தைக் கூட்ட முடியாவிட்டால் வளையத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். 91 கிலோமீட்டரில் அடுத்த வளையம் ஒன்றை செர்ன் திட்டமிடுவதும் இந்தக் காரணத்தால்தான்.

இயந்திரத்தைச் சுற்றிக் காட்டும் காணொளிகளைப் பற்றி எனக்கு அதிகப் புகார் இல்லை. செர்னே வெளியிடும் சுரங்கக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன. 1,232 வளைக்கும் காந்தங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 மீட்டர் நீளம், உள்ளே 1.9 கெல்வினில் திரவ ஹீலியம். 2008 செப்டம்பர் 10 அன்று கோலாகலமாகத் தொடங்கி, ஒன்பதே நாளில் இரண்டு காந்தங்களுக்கு இடையிலான ஒரு மின் இணைப்பு சரியில்லாமல் போய், டன் கணக்கில் ஹீலியம் கசிந்து, ஓராண்டுக்கு மேல் எல்லாம் முடங்கிய கதையையும் சொல்லும் காணொளியாகத் தேர்ந்தெடுங்கள். விபத்தை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் காட்டுவது விளம்பரப் படம்.

இனி, அந்த வண்ணப் படங்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் கோடுகள் பூவாகச் சிதற, பச்சையும் நீலமுமாகக் கட்டங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். காணொளிகள் அதைப் புகைப்படம்போலக் காட்டுகின்றன. ஒரு காலத்தில் அது புகைப்படமாகத்தான் இருந்தது. 1950-களில் டொனால்ட் கிளேசர் உருவாக்கிய குமிழி அறையில், கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்த திரவத்தின் வழியே துகள் பாய்ந்தால் அதன் தடத்தில் குமிழ்கள் வரிசையாக எழும். அதைக் கேமராவில் எடுப்பார்கள். அப்படிக் குவிந்த லட்சக்கணக்கான படங்களை மேசையில் விரித்து, கண்ணால் பார்த்துத் தடங்களை அளந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களைப் பற்றி ஒழுங்காக ஒரு காணொளி வந்தால் முதலில் பார்க்கிற ஆள் நான். குமிழி அறையால் வினாடிக்குச் சில படங்களுக்கு மேல் எடுக்க முடியாது. 1968-இல் ஜார்ஜ் ஷார்பாக் நுண்கம்பிகள் கட்டிய வாயு அறை ஒன்றைச் செய்து, தடத்தை நேரடியாக மின் துடிப்பாகப் பதிய வழி காட்டினார். அத்தோடு புகைப்படக் காலம் மெல்ல முடிந்தது.

இன்றைய படம் கணினி வரைந்தது. எல்ஹெச்சியின் பெரிய உணர்கருவிகளில் ஒன்றான சிஎம்எஸ்ஸின் நடுப்பகுதியில் சிலிக்கான் தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மின்னேற்றமுள்ள துகள் கடந்து போகும்போது ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு புள்ளி பதிவாகும். ஒரு துகளுக்குப் பத்துப் பதினைந்து புள்ளிகள் கிடைத்தால் அதிகம். ஒரே சந்திப்பில் பல மோதல்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எது எதோடு சேரும் என்று கணித்து, வளைகோடு பொருத்துவது மென்பொருள். கோட்டின் வளைவிலிருந்து உந்தம் கிடைக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கட்டங்கள் கலோரிமீட்டரில் (துகளை நிறுத்தி அதன் ஆற்றலை அளக்கும் பகுதி) கொட்டப்பட்ட ஆற்றலின் அளவு. உயரம் கூடினால் ஆற்றல் கூடுதல் என்று பொருள், அந்த இடத்தில் எதுவும் முளைத்து நிற்கவில்லை. ஒளித்துகளான ஃபோட்டான் தடமே பதிக்காது. ஹிக்ஸ் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட 2012-இல் உலகம் முழுக்கச் சுற்றிய சிஎம்எஸ் படத்தில் இரண்டு பச்சைக் கட்டங்களை நோக்கிப் போகும் மஞ்சள் புள்ளிக்கோடுகள், ஃபோட்டான் இந்த வழியாகப் போயிருக்க வேண்டும் என்று பிற்பாடு வரைந்தவை. படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குறைந்த உந்தமுள்ள தடங்களையும் பக்கத்து மோதல்களின் தடங்களையும் மறைப்பதும் வழக்கம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எதைக் காட்டுகிறோம், எதை மறைத்திருக்கிறோம் என்று ஆய்வாளர்கள் குறிப்பு எழுதித்தான் வெளியிடுகிறார்கள். அந்தக் குறிப்பை வெட்டிவிட்டுப் பின்னணி இசை சேர்ப்பவர்களிடம்தான் என் கோபம்.

அந்தப் படத்தில் இருப்பது ஹிக்ஸ்தானா? யாராலும் சொல்ல முடியாது. அதை எடுத்தவர்களாலும் முடியாது. இந்த இடத்தைத்தான் உங்கள் மகள் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் போகும் முன்னால் தூக்கி எறிவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கொத்துகள் 25 நானோ வினாடிக்கு ஒருமுறை சந்திக்கின்றன. அதாவது வினாடிக்கு அதிகபட்சம் 4 கோடி சந்திப்புகள். ஒவ்வொன்றையும் பதிந்தால் ஒன்றுக்கு ஒரு மெகாபைட் அளவுக்குத் தரவு சேரும். வினாடிக்கு 40 டெராபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகில் எந்தச் சேமிப்பகமும் அதைத் தாங்காது. அதனால் உணர்கருவிக்குள்ளேயே ட்ரிகர் என்ற ஏற்பாடு இருக்கிறது. முதல் கட்டம் முழுக்க மின்னணுச் சுற்றுகள். மியூயான் (எலக்ட்ரானின் கனமான உறவு) போல ஏதாவது தெரிகிறதா, எங்காவது பெரிய ஆற்றல் விழுந்திருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்த்து, சில மைக்ரோ வினாடிகளுக்குள் வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்கும். 4 கோடி அங்கேயே 1 லட்சமாகிவிடும். அடுத்த கட்டத்தில் கணினிக் கூட்டம் ஒன்று நிதானமாக (நிதானம் என்றால் ஒரு வினாடியில் சிறு பகுதி) ஆராய்ந்து, ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கைக்குக் குறைக்கும். நாற்பதாயிரம் சந்திப்புகளில் ஒன்றுதான் தப்பிப் பிழைக்கிறது. மற்றவை போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. அப்படிப் போனவற்றில் ஹிக்ஸ் போசான்களும் ஏராளம். ஹிக்ஸ் அதிகமாகச் சிதைவது பாட்டம் குவார்க் என்ற கனமான குவார்க் வகையின் ஜோடியாக, சுமார் 58 சதவீதம். சாதாரண மோதல்களிலும் அதே குவார்க்குகள் கோடி கோடியாகக் கொட்டுவதால் இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாடு. எதை வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதற்காக நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். பட்டியலில் இல்லாத புதுமை ஒன்று வந்தால் அது கண்ணுக்கே படாமல் போய்விடுமே என்ற கவலை உண்மையான கவலை. ட்ரிகரைப் பற்றிப் பேசாத காணொளியை நான் முழுமையானதாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, எண்ணுவதற்கு வருவோம். ஏறத்தாழ நூறு கோடி மோதல்களுக்கு ஒரு ஹிக்ஸ் பிறக்கிறது. அதில் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைவது ஆயிரத்தில் இரண்டு மூன்று. அபூர்வம்தான், ஆனால் ஃபோட்டான்களின் ஆற்றலைத் துல்லியமாக அளக்கலாம் என்பதால் தேடுவதற்கு நல்ல வழி. இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றலும் அவற்றுக்கு இடையிலான கோணமும் தெரிந்தால், அவை ஒரே தாய்த் துகளிலிருந்து வந்திருந்தால் அதன் நிறை என்னவாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். சிக்கல் என்னவென்றால், ஹிக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஃபோட்டான் ஜோடிகள் வந்துகொண்டே இருக்கும். 2012 ஜூலை கண்டுபிடிப்பு அறிவிப்பை ஒட்டி, அட்லஸ் என்ற இன்னொரு உணர்கருவியின் குழு வெளியிட்ட ஆய்வில், வடிகட்டிய பிறகு கையில் இருந்தவை ஏறத்தாழ 59,000 ஃபோட்டான் ஜோடிகள். கோட்பாட்டின்படி அவற்றில் ஹிக்ஸிலிருந்து வந்திருக்கக்கூடியவை இருநூறைத் தாண்டாது. எது அந்த இருநூறில் ஒன்று என்று தனித்தனியாகச் சொல்ல வழி இல்லை. செய்யக்கூடியது ஒன்றுதான்: எல்லா ஜோடிகளையும் நிறைவாரியாக அடுக்கி வரைபடம் போடுவது. சம்பந்தமில்லாத ஜோடிகள் வழுவழுப்பாகச் சரிந்துகொண்டே போகும் ஒரு வளைகோட்டைத் தரும். ஹிக்ஸ் ஜோடிகள் மட்டும் ஒரே நிறையில், 125 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கத்தில் (இந்தத் துறையில் நிறையையும் ஆற்றல் அலகிலேயே சொல்வார்கள்), வந்து குவிவதால் சரிவின் நடுவே சின்னதாக ஒரு மேடு தெரியும். கண்டுபிடிப்பு என்பது அந்த மேடுதான்.

நான்கு லெப்டான் வழி இன்னும் சுவாரசியம். ஹிக்ஸ் இரண்டு இசட் போசான்களாகி (இசட் என்பது இன்னொரு கனமான துகள்), அவை லெப்டான் வகையைச் சேர்ந்த எலக்ட்ரான்களாகவோ மியூயான்களாகவோ சிதையும் வழி அது. மிக மிக அரிது, ஆனால் அங்கே சம்பந்தமில்லாத நிகழ்வுகளின் இரைச்சலும் குறைவு. 120-க்கும் 130 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் இடையில் அட்லஸ் பார்த்தது வெறும் 13 நிகழ்வுகள். ஹிக்ஸ் இல்லாவிட்டால் ஐந்து வர வேண்டும். ஐம்பது ஆண்டு எதிர்பார்ப்பில் ஒரு பகுதி இப்படிக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை எந்த முப்பரிமாண வெடிப்பாலும் காட்ட முடியாது.

மேடு நிஜமா, தற்செயலா என்பதற்குத்தான் ‘5 சிக்மா’. அது ஹிக்ஸ் இருப்பதற்கான வாய்ப்பு என்று பல காணொளிகள் சொல்கின்றன, தவறு. புதிய துகள் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் ஏற்ற இறக்கத்தாலேயே இவ்வளவு பெரிய மேடு வரும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று என்பதே அதன் பொருள். இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2015 டிசம்பரைக் காட்டலாம். அட்லஸ், சிஎம்எஸ் இரண்டுமே ஃபோட்டான் ஜோடி வரைபடத்தில் 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு மேட்டைக் காட்டின. 5 சிக்மா இல்லை, ஆனாலும் இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒரே இடம். அடுத்த சில மாதங்களில் கோட்பாட்டாளர்கள் ஏறத்தாழ ஐந்நூறு கட்டுரைகள் எழுதிக் குவித்தார்கள். யூடியூபில் இயற்பியலே தலைகீழாகிவிட்டது. 2016 ஆகஸ்டில், சிகாகோ மாநாட்டில், பல மடங்கு கூடுதல் தரவோடு வந்தார்கள். மேடு இல்லை. தரவில் கோளாறு எதுவும் கிடையாது. ஆயிரம் இடங்களில் தேடினால் எங்காவது ஓரிடம் தற்செயலாக மேடு தட்டும், அவ்வளவுதான். அந்த எட்டு மாதக் கதையை விளக்கும் காணொளி கிடைத்தால் மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். கண்டுபிடிப்பு எப்படி நடக்கிறது என்பதைவிட எப்படி நடக்காமல் போகிறது என்பதிலிருந்து அதிகம் கற்கலாம் என்பது என் அனுபவம்.

பெருவெடிப்பையே மறுபடி உண்டாக்குகிறார்கள், கருந்துளை பூமியை விழுங்கிவிடும் வகையறாவைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. எல்ஹெச்சியில் மோதும் ஒரு புரோட்டான் ஜோடியின் மொத்த ஆற்றல், பறக்கும் கொசுக்கள் ஒரு டஜனின் இயக்க ஆற்றல் அளவுக்குத்தான் வரும். அணுக்கருவைவிடச் சிறிய இடத்தில் அது அடைபட்டிருப்பதுதான் விசேஷம். இதைவிட அதிக ஆற்றலோடு விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளாகப் பூமியின் வளிமண்டலத்தில் மோதிக்கொண்டே இருக்கின்றன. பூமி இருக்கிறது. பெருவெடிப்பு விஷயத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஈய அணுக்கருக்களை மோத வைக்கும்போது, பிரபஞ்சத்தின் தொடக்க மைக்ரோ வினாடிகளில் இருந்ததாகக் கருதப்படும் குவார்க் குளுவான் பிளாஸ்மா ஒரு கணம் உருவாகிறது. அதை ஆராயும் ஆலிஸ் குழுவில் கொல்கத்தா ஆய்வாளர்களின் பங்கு பெரிது.

செர்ன் வளாகத்தில் இருக்கும் நடராஜர் சிலையைப் பற்றிய காணொளிகள் தமிழில் தனி ரகம். இரண்டு மீட்டர் உயரச் சிலை, இந்திய அரசு 2004-இல் கொடுத்த பரிசு. செர்னோடு இந்தியா நீண்டகாலமாகச் சேர்ந்து வேலை செய்ததன் அடையாளம். சிலையை வணங்கிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடங்குகிறார்கள் என்பதெல்லாம் கற்பனை. 2016-இல் அந்தச் சிலைக்கு முன் நரபலி கொடுப்பதுபோல யாரோ நடித்து எடுத்த காணொளி வெளியாகி, செர்ன் விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. இன்றும் அதை உண்மை என்று பகிர்கிறார்கள். சிலையைவிட எனக்குப் பெருமையாகத் தோன்றுவது வேறொன்று: அந்த வளைக்கும் காந்தங்களைத் துல்லியமாக நிலைநிறுத்தும் ஏறத்தாழ ஏழாயிரம் ஜாக்கிகள் இந்தூர் ஆய்வகத்தின் மேற்பார்வையில் இந்தியாவில் செய்யப்பட்டவை. அதைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை. தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தையும் எல்ஹெச்சியையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களும் உண்டு. அந்தத் திட்டம் வளிமண்டலத்தில் தானாக உருவாகும் நியூட்ரினோக்களைப் பதிவதற்கானது. அதில் துகளை மோத வைக்கும் இயந்திரமே கிடையாது. அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம்.

இனி, எதைப் பார்க்கலாம்? ஆங்கிலத்தில், அமெரிக்காவின் துகள் இயற்பியல் ஆய்வகமான பெர்மிலாப்பின் சேனலில் டான் லிங்கன் பேசும் குறுங்காணொளிகளிலிருந்து தொடங்கலாம். 1995-இல் குவார்க் வகைகளிலேயே கனமான டாப் குவார்க்கைக் கண்டுபிடித்த குழுக்களில் ஒன்றில் இருந்தவர். எந்த இடத்தில் விஷயத்தை எளிமைப்படுத்துகிறார் என்பதை அவரே சொல்லிவிடுவார், அது பெரிய குணம். அடுத்து, அட்லஸ் குழு வெளியிட்ட ஓர் அசையும் வரைபடம்: நாள்பட நாள்படத் தரவு சேரச் சேர, ஒன்றுமே இல்லாத சரிவில் அந்த மேடு மெல்ல எழுவதைக் காட்டும். சில வினாடிகள்தான் ஓடும், வர்ணனையும் கிடையாது. இந்தத் துறையில் ஒரே ஒரு காட்சியைத்தான் காட்டலாம் என்றால் நான் காட்டுவது அதுதான். தமிழில் கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியுமாக நின்று அந்தச் சரிவையும் மேட்டையும் வரைந்து காட்டும் ஆசிரியர் யாராவது தென்பட்டால் அவரை விடாதீர்கள். கடன் வாங்கிய அனிமேஷனுக்கு மேல் உறுமும் குரலில் செய்தி வாசிப்பவர்களைத் தாண்டிப் போகலாம்.

இதெல்லாம் முடிந்தபின், 2012 ஜூலை 4 அன்று செர்னில் நடந்த கருத்தரங்கின் முழுப் பதிவு. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சிஎம்எஸ் சார்பில் ஜோ இன்காண்டெலா முதலில் பேசுகிறார், அட்லஸ் சார்பில் ஃபாபியோலா ஜனோட்டி அடுத்து. எல்லோரும் பகிர்வது அரங்கம் கைதட்டும் கணத்தையும் அந்தத் துகளைக் கணித்தவர்களில் ஒருவரான பீட்டர் ஹிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும்தான். அதற்கு முன்னால் இன்காண்டெலா பதற்றத்தோடு விளக்கிக்கொண்டே போகும் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றலை எப்படி அளவுதிருத்தினோம், ஒரே சந்திப்பில் பல மோதல்கள் கலந்தபோது சரியானதை எப்படிப் பிரித்தோம், பின்னணியை எப்படி மதிப்பிட்டோம் என்று ஒவ்வொன்றாக வரும். பாதி புரியாது, பரவாயில்லை. மேட்டைக் காட்டும் முன் எத்தனை சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

பார்ப்பதோடு நிறுத்த வேண்டியதில்லை. செர்ன் 2014 முதல் எல்ஹெச்சியின் நிஜத் தரவைப் பொதுவில் திறந்து வைத்திருக்கிறது. சிஎம்எஸ் நிகழ்வுகளை உலாவியிலேயே திறந்து, சுழற்றிப் பார்த்து, இது மியூயான் ஜோடியா, எலக்ட்ரான் ஜோடியா என்று வகைப்படுத்தி, நிறையை அடுக்கி வரைபடம் போடலாம். பள்ளி மாணவர்களுக்காகவே உலகம் முழுவதும் ‘மாஸ்டர்கிளாஸ்’ என்ற பெயரில் நடத்தப்படும் பயிற்சியும் இதையேதான் செய்கிறது. இசட் போசானிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 91 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் மேடு சீக்கிரம் தெரியும், ஹிக்ஸைத் தேடினால் சலிப்பு வந்துவிடும்.

கையால் செய்ய ஆசைப்பட்டால், துகள்களின் தடத்தை ஆவியில் காட்டும் மேக அறை. அடியில் உலர் பனிக்கட்டி, மேலே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சு ஒட்டிய கண்ணாடிப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு டார்ச். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தடங்கள் தெரியத் தொடங்கும். குட்டையாகத் தடித்தவை காற்றிலுள்ள ரேடானிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள், நேராக மெல்லியவை பெரும்பாலும் காஸ்மிக் கதிர் மியூயான்கள், கோணல்மாணலாக அலைபவை எலக்ட்ரான்கள். செய்முறையைக் காட்டும் நல்ல காணொளிகள் நிறைய இருக்கின்றன. உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொடக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஆல்கஹால் பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.